வெள்ளிக்கிழமை சிலேட்டு

2 ஜூன் 2025, திங்கள்

காலை நாஷ்டாவுக்கு உட்காரும்போதே கம்பெனி மெயில். அக்டோபர் முதல் தேதியிலிருந்து எல்லாரும் சென்னை ஆபீசுக்கு வாரம் ஐந்து நாளும் வர வேண்டுமாம். மூணு வருஷமா இந்த உத்திரமேரூர் மாடி அறையிலிருந்து நான் எழுதின கோட் எல்லாம் பஸ் ஏறியா சென்னைக்குப் போச்சு? நான் மட்டும் எதுக்குப் போகணும்?

ஜமீர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மறுபடி ஹாஸ்டல்ல சேர்ந்துக்கிறியா?" என்றார். கல்யாணமான முதல் வருஷம் அப்படித்தான் ஓட்டினோம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்ட கையோடு நான் பையைத் தூக்குவேன், அவர் கடை திறக்கப் போவார். பெண்டாட்டியா, விருந்தாளியா என்றே தெரியவில்லை. கீழே இருக்கிற எலெக்ட்ரிகல் கடையை விட்டு அவரால் வர முடியாது. அவரை விட்டு இன்னொரு தடவை இருக்க என்னால் முடியாது.

அதனால், முழுக்க வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்றைப் பிடிக்கப் போகிறேன். எட்டு வருஷ அனுபவம் இருக்கிறது. கிடைக்கும்.

5 ஜூன்

ரிமோட் வேலை என்று விளம்பரம். உள்ளே போய்ப் படித்தால், மாசத்துக்குப் பத்து நாள் நேரில் வந்தால் போதுமாம். இதுக்குப் பேர் ரிமோட்டா? நாலு இடத்தைக் கழித்துக் கட்டினேன்.

10 ஜூன்

ஒரு கம்பெனி கூப்பிட்டுவிட்டது. அவர்களுக்கு ஆபீசே கிடையாது. ஒருத்தர் புனேயில், ஒருத்தர் கோயமுத்தூரில், மூணு பேர் வெளிநாட்டில். முதல் ரவுண்டு எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

பின்வீட்டில் இருக்கிற மாமியிடம், ஜமீரின் அம்மாவிடம், சொன்னேன். "ஆபீசே இல்லன்னா அது இன்னா கம்பெனி? நாளைக்கு ஓடிப்பூட்டான்னா எங்க போய்க் கேப்ப?" நியாயமான கேள்விதான். அதோடு விட்டாரா? "சரி, வூட்ல சும்மாதானே கீற, அடுப்புல பால வெச்சிக்கீறேன், பாத்துக்கோ." எனக்கு அடுத்த நிமிஷம் மீட்டிங்.

18 ஜூன்

கடைசி ரவுண்டு வெள்ளி மதியம் ஒரு மணிக்கு. டீம் லீடர் சுப்ரஜா பேசுவார். நேரத்தைக் கேட்டு வாங்கினதே நான்தான். ஜமீர் ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பார், கடை மூடியிருக்கும், ஒரு சத்தம் இருக்காது. அவரிடமும் சொல்லிவிட்டேன்.

20 ஜூன், வெள்ளி

இன்னா மனுஷன் இவர்.

நல்லா போய்க்கினு இருந்தது. பாதியில் கதவு தட்டுற சத்தம். விட்டேன். மறுபடியும் தட்டல் — "யம்மா, யம்மா." சுப்ரஜாவிடம் ரெண்டு நிமிஷம் கேட்டுவிட்டுத் திறந்தால், கடைக்கு வழக்கமா வர்ற மானாம்பதி வெங்கடேசன், கையில் எரிஞ்சுபோன மோட்டார் கண்டென்சரோட. "தண்ணி இல்லாம நெல்லு காயுதும்மா. சிலேட்டுல உன் பேர்தான் போட்டுக்கீது."

படியிறங்கிப் பார்த்தேன். ஷட்டரில் மாட்டுகிற சிலேட்டில் முத்து முத்தான எழுத்து: "தொழுகைக்குப் போயிருக்கிறேன். 2 மணிக்கு வருவேன். அவசரம் என்றால் மாடியில் ஆஷிகா."

அந்த ஆள் முகத்தைப் பார்த்தால் துரத்த மனசு வரல. ஷட்டரைத் தூக்கி, கண்டென்சரைத் தேடிக் கொடுத்து, மூச்சு வாங்க மேலே வந்தேன்.

"என்ன ஆச்சு?" சுப்ரஜா தமிழிலேயே கேட்டார். கரண்ட் போச்சு என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அந்த சிலேட்டுல என்ன தப்பு?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

"எப்ப வருவார்னு இருக்கு. அவசரம்னா யாருன்னு இருக்கு. அந்த யாரைத்தான் ஒரு வார்த்தை கேக்கல. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம வேலை செய்யிற இடத்துல, கேக்காம பேர் போட்டா எல்லாம் கெட்டுப்போயிடும்."

கோபத்தில் வந்த பதில்தான். ஆனால் சரியான பதில், எனக்குத் தெரியும். அவர் எதையோ எழுதிக்கொண்டார். "சொல்றோம்" என்றார், அவ்வளவுதான்.

ஜமீர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டேன். "ஒரு மணின்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன. நீ வூட்லதானே கீறன்னு..."

"வூட்ல இல்லங்க. ஆபீஸ்ல கீறேன். அந்த ஆபீஸ் இந்த வூட்ல கீது. அது போச்சுன்னா நான் ஹாஸ்டலுக்குப் போகணும், தெரியுதா?"

அழுதுவிட்டேன். அதுதான் எனக்குப் பேஜார். அவர் கீழே போனார்.

24 ஜூன்

மெயில் வரவில்லை. ஜமீர் தேங்காய் பன் வாங்கி வந்து லேப்டாப் பக்கத்தில் வைத்தார். பன்னைச் சாப்பிட்டேன்.

10 அக்டோபர், வெள்ளி

ஒரு மணிக்குப் புது கம்பெனியின் டீம் மீட்டிங். சுப்ரஜா பேசிக்கொண்டிருந்தார். கீழே யாரோ மாடிப்படி ஏறுகிற சத்தம், பின்னாலேயே மாமியின் குரல்: "இன்னா நைனா, மேல எங்க போற? ஆபீஸ் நடக்குது, எறங்கு." லிஸ்பனில் இருக்கிற டீம் பையன் வரைக்கும் கேட்டிருக்கும்.

முடித்துவிட்டுக் கீழே போனேன். ஜமீர் இன்னும் பள்ளிவாசலிலிருந்து வரவில்லை. ஷட்டரில் சிலேட்டு:

"தொழுகைக்குப் போயிருக்கிறேன். 2 மணிக்கு வருவேன். மாடியில் ஆபீஸ், தட்ட வேண்டாம். அவசரம் என்றால் பின்வீட்டில் அம்மா. அம்மாவைக் கேட்டுவிட்டேன்."