தொண்ணூற்றொன்பது முறை வந்த மகன்

செவ்வாய், இரவு.

தூக்கம் வரவில்லை. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் தனியாக வசிக்கும் முதியவர்களிடம், "போன மாசம் பிள்ளைங்க எத்தனை தடவ பாக்க வந்தாங்க?" என்று கேட்டு, பதில்களைக் கணினியில் ஏற்றியது நான்தான். பதில் சொல்லாதவர்களுக்கு 99 போடும்படி புள்ளியியல் வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அது வெறும் அடையாளம், கணக்கில் சேர்க்காதே என்று மென்பொருளிடமும் சொல்லிவைக்க வேண்டும். நான் சொல்லவில்லை. இன்று மாலை ஆசிரியர் வேறு யாருக்கோ அதை விளக்கியபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்த 99களும் வருகைகளாகச் சேர்ந்து சராசரி எகிறியிருந்தது. பிள்ளைகளே இவ்வளவு வருகிறார்களே என்று எங்கள் முதியோர் நல மைய மேலாளர் மகிழ்ந்து, வீடு தேடிப் போகும் தொண்டூழியர்களை நிறுத்தியும் விட்டார். வகுப்பு வாசலில் நின்றே அவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ரிப்போர்ட் மேல போயிடுச்சு லா, கமலா. அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம்."

நான் கேட்ட முதியவர்களில் ஒருவரான பாக்கியம்மா அந்தக் கேள்விக்கு வாயே திறக்கவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். நாளை அவர் கதவைத் தொண்டூழியர் யாரும் தட்டப்போவதில்லை. என் கணக்குப்படி அவருடைய மகன் ஒரே மாதத்தில் தொண்ணூற்றொன்பது முறை வந்துபோயிருக்கிறான்.