படத்தில் முன்பே இறந்துபோன அண்ணனுக்கு

என் செல்ல அருளண்ணே,

நேற்று ஸ்ரீரங்கத்தில் உன் படத்தைப் போட்டார்கள். ஜங்ஷனில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திட்டாதே. படம் வந்த அன்றைக்குச் செல்போனில் நாம் சேர்ந்து பார்த்தபோது பாதியிலேயே சிரித்து நிறுத்திவிட்டோம். முழுதாகப் பார்த்தது நேற்றுத்தான்.

உனக்குத் தெரிந்த கதையையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. இதை மற்றவர்களும் படிப்பார்கள்.

பொன்மலை மாதா கோயில் பாடகர் குழுவில் வயலின் பிடித்தவன் நீ. சென்னைக்குப் போய் சினிமாவுக்கு வாசித்தாய், ஒரே ஒரு தனி கேசட் போட்டாய். அது பேர் வாங்கியதும் வில்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ஊருக்கு வந்து என் வீட்டில் அடைந்துகொண்டாய். "பேரைச் சொன்னதுமே கை தட்டிடுறாங்க லூர்து. அப்புறம் வாசிச்சா என்ன, வாசிக்காட்டி என்ன?" என்றாய். தேடி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது என் வேலையாயிற்று.

அப்படித்தான் அந்தப் பையனும் வந்தான். துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, மேடையை விட்டு ஒதுங்கிய இசைக்கலைஞர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவன். "அண்ணன் இல்லீங்க" என்றேன். அவன் முகம் தொங்கிப்போயிற்று. நம் கூடத்துச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படம், சின்ன சிவப்பு பல்பு, அதற்குக் கீழே வயலினோடு உன் வாலிப வயதுப் போட்டோ. மாலை ஒன்றுதான் பாக்கி.

செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "ரொம்ப வருத்தமா இருக்குங்கம்மா" என்றான். இவ்வளவு தூரம் வந்தும் பார்க்க முடியவில்லையே என்று சொல்கிறான் போல என்று நினைத்து, "எனக்கும்தான் தம்பி, என்ன பண்றது" என்றேன். அடுக்களைக்குள் நீ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது ஏன் என்று எனக்குப் படம் வந்த பிறகுதான் புரிந்தது. படத்தில் நீ காலமாகியிருந்தாய்.

போன் போட்டுத் திருத்தச் சொல்கிறேன் என்று எழுந்தவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாய். "விடு லூர்து. செத்தவன் வீட்டுக் கதவை எவன் தட்டுவான்? யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு." சொன்னேன். தெருக்காரர்களுக்கு நீ டீச்சரம்மாவின் அண்ணன், அவ்வளவுதானே.

அதற்குப் பிறகுதான் நீ மறுபடி வாசித்தாய். ஜன்னலைத் திறந்துவைத்து, ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு ஆட்கள் சைக்கிளில் போகிற நேரத்தில். தப்பு வந்தால் சிரித்துவிட்டு மறுபடி தொடங்குவாய். அந்தக் கேசட்டைவிட அது நன்றாக இருந்தது அண்ணே. எனக்கு ராகம் தாளம் தெரியாது. ஆனால் அதைக் கேட்டு நின்று எத்தனையோ தடவை பாலைப் பொங்கவிட்டிருக்கிறேன்.

நீ நிஜமாகவே போன அன்றைக்குப் பத்திரிகைக்குப் போன் செய்து, வயலின் அருளப்பன் என்று உன் பேரைக் கொடுத்தேன்.

"எத்தனையாவது வருஷ நினைவு நாளும்மா?"

"இன்னிக்குக் காலையிலதாங்க இறந்தாரு."

"அவரு அப்பவே தவறிட்டாரேம்மா. நான் படம் பார்த்து அழுதிருக்கேங்க."

போனை வைத்துவிட்டேன். தெரு ஆட்கள்தான் தூக்கிப்போய் அடக்கம் செய்தார்கள். வயலின் அருளப்பனைத் தெரிந்தவர் ஒருவர்கூட வரவில்லை. அவர்கள் எல்லோரும் முன்பே அழுது முடித்திருந்தார்கள்.

நேற்று திரையில் உன் பழைய தபேலாக்காரர் வந்தார். "கடைசியில யாருமே இல்லாம, தனியாவே செத்துப்போனாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ சொன்னதை அவரும் நம்பியிருக்கிறார். பக்கத்தில் இருந்த மாமி என் பக்கம் சாய்ந்து, "பாவம், ஒரு வாய் தீர்த்தம் குடுக்கக்கூட மனுஷா இல்ல பாருங்கோ" என்றார்.

நான் கொடுத்தேன் மாமி என்று வாய்வரை வந்தது. உன் தலையை மடியில் வைத்து ஸ்பூனால் டீ ஊட்டியவள் நான். சர்க்கரை பத்தவில்லை என்று அப்போதும் குறை சொன்னாயே! ஆனால் உனக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. படம் முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊரிடமிருந்து நீ ஒளிந்துகொண்டாய், சரி. உன்னோடு சேர்த்து என்னையும் இல்லை என்று ஆக்கிவிட்டாயே, அதை யோசித்தாயா? பேப்பருக்கு என்னோடு சண்டை போட்டவன், திறந்த ஜன்னலில் நின்று வாசித்தவன், அவன் இருந்தான் என்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி. எனக்கும் வயதாகிறது. இதைப் பேச இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் இதை அச்சுக்கு அனுப்புகிறேன். பழைய வாக்கு இதோடு போயிற்று. கோபமிருந்தால் என்னோடு பேசாதே.

புதிதாக ஒன்று தருகிறேன். அடுத்த முறை எங்கே உன் படத்தைப் போட்டாலும் போவேன். யாருமே இல்லாமல் செத்தார் என்று அந்தத் தபேலாக்காரர் சொல்லும்போது, இருட்டாக இருந்தாலும் எழுந்து நின்று சத்தமாகச் சொல்வேன்: "நான் இருந்தேங்க."

கடைசிவரை கூடவே இருந்த
உன் தங்கை,
லூர்து