ஐந்தாம் பாட்டின் வலப்பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். முப்பத்தொரு வருடம் அறிக்கை எழுதிய கைக்கு வேறு மாதிரி ஆரம்பிக்க வராது.

1. மகள் அனுப்பியிருக்கும் ஒன்பது பாட்டுகளை நாளுக்கு ஒன்றாகக் கேட்பது. ஒவ்வொன்றும் மூன்று முறை.
2. பாடகியின் பழைய பாட்டுகளோடு ஒப்பிடாமலிருப்பது. (எனக்குத் தெரிந்தவை இரண்டு. இரண்டும் எதிர்வீட்டுக் கல்யாணத்தில் காதில் விழுந்தவை.)
3. கிட்டார் பிடிக்கும், கம்ப்யூட்டர் சத்தம் பிடிக்காது என்று கேட்பதற்கு முன்பே தீர்மானிக்காமலிருப்பது.
4. மகள் ஒரு மரியாதைக்காகத்தான் என்னைக் கேட்கிறாள். என் கருத்தால் அந்த ஆல்பத்தில் ஒரு நொடிகூட மாறாது. ஆகவே பயப்படாமல் எழுதலாம்.
5. அவளுக்கு எழுதும் கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

மகளின் தொழில் பாட்டுக்கு ஒலி சேர்ப்பது. கம்ப்யூட்டரில் ஒலிகளை உண்டாக்கி, எது எந்த இடத்தில் எவ்வளவு சத்தத்தில் வர வேண்டும் என்று வைப்பாள். இந்தப் பாடகியை ஊரெல்லாம் ‘மின்னல்’ என்கிறது; மேடை அதிர ஆடிப் பாடியவள். இரண்டு வருடமாக மேடை ஏறாமல், ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து தன்னைப் பற்றியே ஒன்பது பாட்டு எழுதியிருக்கிறாள். பாதிப் பாட்டில் கிட்டாரும் குரலும். மீதியில் கம்ப்யூட்டர் ஒலிகள். அவை என் மகளுடையவை. பதினான்கு மாத உழைப்பு. இருபதாம் தேதி எல்லாவற்றையும் முடித்துக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும்.

போனில் சொன்னாள்: “எல்லாரும் சூப்பர் சூப்பர்ங்கறாங்கப்பா. அதான் பயமா இருக்கு. நீங்க பொய் சொல்லத் தெரியாத ஆளு. கேட்டுட்டு எழுதுங்க. ஸ்பீக்கர்ல வேண்டாம், ஹெட்போன்லதான் கேக்கணும்.”

பொய் சொல்லத் தெரியாத ஆள். இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலில் என் வலது காது முழுக்கப் போய்விட்டது. டாக்டருக்கு மட்டும்தான் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. பொய் சொன்னதாக ஆகுமா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மார்ச் 4

முதல் பாட்டு. ஃப்ரிட்ஜ் ஓடுவது போல ஒரு ரீங்காரம், ஒரு நிமிடத்துக்கு அது மட்டும். இதற்கா பதினான்கு மாதம் என்று தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டாம் முறை கேட்டபோது புரிந்தது. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றின் சத்தம் அது. அதற்கு அடியிலிருந்து பாடகியின் குரல், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போல வருகிறது. மூன்றாம் முறை முடிந்ததும் ரீங்காரம் நின்றது. அறை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டர் சத்தம் என்று எழுதிய கையைக் கொஞ்சம் கடிந்துகொள்கிறேன்.

மார்ச் 5

இரண்டாவது, கிட்டார். விரல்கள் கம்பியில் வழுக்கும் கீச்சொலியைத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் அவள் மூச்சு வாங்குகிறது. இவ்வளவு பெரிய பாடகி தன் மூச்சுவாங்கலைக் கேட்க விடுகிறாளே. எனக்கென்றால் தும்முவதற்கே அடுத்த அறைக்குப் போக வேண்டும்.

மனைவி வந்து தோளைத் தட்டினாள். “நாலு தடவ கூப்பிட்டாச்சு. காதுல மாட்டியிருக்கற அந்த மூடியத் தொறந்தா ஆவி போயிடுமா?”

மார்ச் 6

மூன்றாவதில் தாளம் ஓடி ஓடி, ஓரிடத்தில் நம்மை விட்டுவிட்டு நின்றுவிடுகிறது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 7

நான்காவது பாட்டில் அவள் தூங்கிய அறைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள், நாற்பதுக்கு மேல். ஹோட்டல் அறைகள்தாம் அதிகம். அவற்றில் ஒன்றைக்கூட வீடு என்று சொல்லவில்லை. பட்டியல் போட்டு ஒரு மனிதரை அழ வைக்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஐந்தாவது.

அவள் ஒரு மேசைக்கு முன் உட்கார்ந்து எதிரே இருப்பவரிடம் கேட்கிறாள். சாப்பிட்டாயா. கதவைப் பூட்டினாயா. இன்னும் கோபமா. நாளைக்கு இருப்பாயா. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு பத்து, பன்னிரண்டு நொடி ஒன்றுமே இல்லை. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். பிறகு கிட்டார் ஒரே ஒரு கம்பியைத் தட்டுகிறது, அடுத்த கேள்வி வருகிறது.

அந்த வெறுமையைப் போட என்ன தைரியம் வேண்டும். நான் கடைகளுக்குப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளனாக இருந்தவன். பேச்சு நின்றால் கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று பயந்து, மழை பற்றியாவது ஏதாவது சொல்லி வைப்பேன். இவள் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். பதில் வராது என்று தெரிந்தும் காத்திருக்கிறாள்.

மார்ச் 9

இன்று ஆறாவது கேட்க வேண்டிய நாள். ஐந்தாவதையே நான்கு முறை கேட்டேன். விதி 1 மீறப்பட்டது.

மார்ச் 14, சனி

கடிதம் முடிந்தது. சரியாக இரண்டு பக்கம். எல்லாப் பாட்டுக்கும் நான்கு நான்கு வரி. ஐந்தாவதற்கு மட்டும் அரைப் பக்கம். அதிலிருந்து ஒரு வரியை இங்கே பிரதி எடுக்கிறேன், பிறகு மாற்றிப் பேசாமலிருக்க:

‘இந்தப் பாட்டின் உயிர் அதன் மௌனத்தில் இருக்கிறது. அங்கே எந்த ஒலியும் இல்லாததுதான் ஆல்பத்திலேயே உயர்ந்த இடம். யார் சொன்னாலும் அதில் எதையும் சேர்த்துவிடாதே.’

மூன்று முறை படித்துப் பார்த்து அனுப்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ‘என்று தோன்றுகிறது’ போடாமல் ஒரு கருத்து எழுதியிருக்கிறேன். கொஞ்சம் பெருமைதான்.

மார்ச் 16, திங்கள்

மகள் பேசினாள். குரல் சரியில்லை.

“படிச்சேன்பா. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க.”

“அஞ்சாவது பாட்டப் பத்தி...”

“ஆமா. அதத்தான் மின்னல் அக்காகிட்டயும் படிச்சுக் காமிச்சேன். நான் உள்ளுக்குள்ள பயந்துட்டிருந்ததத்தான் நீங்க பதமா சொல்லிட்டீங்க. என் பங்க எடுத்துடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவேன்.”

எந்தப் பங்கு? அங்கேதான் ஒன்றுமே இல்லையே. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சரிம்மா என்றேன். வாயில் சரிம்மாவைத் தவிர வேறு என்றைக்கு வந்திருக்கிறது?

மார்ச் 17, செவ்வாய்

மதியம் மனைவி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். “ரெண்டு வாரமா அதுல அப்படி என்னதான் இருக்கு? குடுங்க இங்க.” ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். ஐந்தாவதைப் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கேள்வி முடிந்திருக்க வேண்டும். வெறுமை வரும் இடம். அவள் புருவம் தூக்கி, தலையை வலப்பக்கம் சாய்த்து, யாரோ பேசுவதைக் கேட்பது போல் கேட்டாள்.

“நல்லாத்தான பதில் சொல்லுது இது,” என்றாள்.

“எது?”

“இந்தப் பக்கம். வார்த்தையில்ல, ஆனா ஆமாங்குது, இல்லங்குது. அவ குரலையே பிச்சுப் பிச்சுச் செஞ்ச மாதிரி. உங்களுக்குக் கேக்கலையா?”

இந்தப் பக்கம் என்று அவள் தொட்டது வலது காதை.

ஹெட்போனின் இரண்டு பக்கமும் ஒன்றையே சொல்லும் என்று நினைத்திருந்தேன். ரேடியோ காலத்து ஆள். அந்தப் பத்து, பன்னிரண்டு நொடிகள் முழுக்க என் மகள் இருந்திருக்கிறாள். அவளுடைய மூன்று மாதமோ நான்கு மாதமோ அங்கே இருந்திருக்கிறது. எதையும் சேர்த்துவிடாதே என்று நான் எழுதியிருக்கிறேன். எடுத்துவிடு என்று அவள் படித்திருக்கிறாள். வேறு எப்படிப் படிப்பாள்?

என்ன பண்ணிட்டேன் நான். முப்பத்தொரு வருஷத்துல ஒரு தட்ட மட்டும் பாத்து ஒரு தராசுக்கும் முத்திர வச்சதில்ல. பெத்த பொண்ணோட வேலைக்கு அப்படி முத்திர வச்சிருக்கேன்.

மனைவியிடம் காது விஷயத்தைச் சொன்னேன். அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“கட்டில்ல நான் பக்கம் மாத்திப் படுத்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?”

“ஜன்னல் காத்துக்குன்னு சொன்ன.”

“சொன்னேன். நீங்களும் நம்பினீங்க. ரெண்டு வருஷமா உங்க இடது பக்கமே நடந்து என் கழுத்துதான் ஒரு பக்கமாத் திரும்பிப் போச்சு.”

மார்ச் 18

மகளிடம் என்ன சொல்வதென்று மூன்று வரைவுகள் எழுதினேன். முதலாவதில் ஹெட்போன் பழுது என்று இருந்தது. கிழித்தேன். இரண்டாவதில் காது ‘சற்று மந்தம்’ என்று இருந்தது. அதையும் கிழித்தேன். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு போனுக்கு முன்னால் நாற்பது நிமிடம்.

“வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் பேசலாம்னு இருக்கீங்களா?” என்று மனைவி கேட்டாள்.

பேசினேன். காகிதத்தைப் பார்த்து வாசித்தேன் என்பதே உண்மை. அந்தப் பக்கம் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பாட்டில் நான் அவ்வளவு புகழ்ந்த மௌனம் நேரில் வரும்போது தாங்க முடியவில்லை.

“ரெண்டு வருஷமாவா?” என்றாள்.

“பாட்டு விஷயம் என்னன்னா...”

“பாட்டு கிடக்கட்டும்பா. ரோடு கிராஸ் பண்றீங்க. பஸ் ஏறுறீங்க. ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லாம... என்னப்பா நீங்க.” வைத்துவிட்டாள்.

மார்ச் 19, வியாழன்

காலை எட்டு மணிக்கே வாசலில் நின்றாள். முந்நூறு கிலோமீட்டர், முதல் பஸ். கோபம் தீரவில்லை. தோள்பையைக்கூட இறக்காமல் மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். “ரெண்டு பக்கத்தையும் ஒரே பக்கமாச் சேத்துட்டேன். இப்பக் கேளுங்க. அப்பறம் நெஜத்தச் சொல்லுங்க. பாவம் பார்த்துச் சொன்னீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும்.”

இதுதான் எனக்குப் பயம். இப்போது கேட்டுவிட்டு, மௌனமே மேல் என்று தோன்றிவிட்டால்? அப்போதும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று முறை கேட்கிறேன் என்றேன். அவளும் மனைவியும் சமையலறையில் போய் நின்றுகொண்டார்கள்.

சாப்பிட்டாயா என்று பாடகி கேட்கிறாள். எதிரிலிருந்து ஒரு குரல் எழுகிறது. இவளுடைய குரலேதான். நீட்டி, நசுக்கி, தண்ணீருக்கு அடியில் போட்டது போல். வார்த்தை இல்லை, ஆனால் பதில். மேசைக்கு எதிரே யாரும் இல்லை, அவளேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போது தெரிகிறது. நான் கேட்டது ஒருத்தியின் தனிமை. மகள் செய்திருப்பது அதைவிடப் பெரியது. அந்தத் தனிமை திரும்பப் பேசுகிறது. கிட்டார் இல்லாமல் அந்தக் குரல் வெறும் இரைச்சல். அது இல்லாமல் கிட்டார் வெறும் அழுகை. இரண்டும் சேர்ந்தால்தான் முள் நடுவில் நிற்கிறது.

மூன்றாம் முறை முடிந்ததும் கூப்பிட்டேன்.

“எடுக்காதே,” என்றேன். “நான் எழுதினது பாதிப் பாட்டப் பத்தி. முழுசு இதுதான்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பினாள் என்று நினைக்கிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிஜத்தைக் கேட்டிருக்கிறாளே.

“ஒரே ஒரு எடம். இன்னும் கோபமான்னு கேக்கறால்ல? அங்க மட்டும் பதில் வேண்டாம்னு... தோணுது. அந்தக் கேள்விக்கு அவளுக்கே பதில் தெரியாது.”

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். மனைவி என்னைப் பார்த்து, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா என்பது போல் கண்ணைக் காட்டினாள்.

மார்ச் 20

மாலை போன் வந்தது. “குடுத்தாச்சு.” அந்த ஒரு இடத்தை என்ன செய்தாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 27

காது டாக்டர். மகள் இடப்பக்கமும் மனைவி வலப்பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு வருடத்துக்கும் சேர்த்துத் திட்டு. அதில் பாதி எனக்குக் கேட்கவில்லை.

மே 11, திங்கள்

ஆல்பம் வந்து பத்து நாள் ஆகிறது. பேப்பரில் சிலர் மின்னலுக்கு என்ன ஆயிற்று என்று எழுதுகிறார்கள். நிறையப் பேர் உயர்வாக எழுதுகிறார்கள். இரண்டு கட்டுரையில் என் மகளைப் பற்றித் தனியாக ஒரு பத்தி. மனைவி அதை வெட்டிப் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறாள்.

நான் இன்னும் அதைப் போட்டுக் கேட்கவில்லை. பயம்தான்.

இன்று முடிவெட்டும் கடைக்குப் போனேன். கண்ணாடிக்கு மேலே ஒரு ஸ்பீக்கர். கழுத்தில் துணி கட்டிக்கொண்டிருந்தபோது ஐந்தாம் பாட்டு வந்தது. சாப்பிட்டாயா, பதில். கதவைப் பூட்டினாயா, பதில். இன்னும் கோபமா.

பன்னிரண்டு நொடி ஒன்றுமே இல்லை.

முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்தி, எட்டி ஸ்பீக்கரின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். “நெட்டு போயிடுச்சு போல சார்.”

“இல்ல,” என்றேன். “அது அப்படித்தான் இருக்கணும்.”

நாட்குறிப்பின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். என் கருத்தால் ஒரு நொடிகூட மாறாது என்ற நான்காவது குறிப்பு தவறு.