லேமினேட் செய்த மெமோ

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். கேஸ் புக் பண்ண மறந்தாச்சு.

மேனேஜர் கூப்பிட்டார். அவர் தமிழில் எழுதினால் அவருக்கே புரியாது. கம்பெனியின் மெமோ எல்லாம் என் தலையில்தான். "ஒருத்தரை மாசக் கடைசியோட நிறுத்துறோம். மனசு நோகாம எழுதுங்க. பேரை நான் போட்டுக்கிறேன்."

பேரை ஏன் என்னிடம் மறைக்க வேண்டும்? டைப் அடிக்கத் தனியா ஆள் எதுக்குன்னு போன வாரம் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான். சந்தேகமே இல்லை.

மார்ச் 4, புதன்

சரியான தூக்கம் இல்லை. என் சீட்டை நானே கிழிப்பதா? சரி, படிக்கும்போது வலிக்காமலாவது இருக்கட்டும்.

"தங்களின் அயராத உழைப்பை நிர்வாகம் நன்றியுடன் போற்றுகிறது. மார்ச் 31 முதல் தங்கள் திறமைக்கேற்ற புதிய உயரங்களைத் தாங்கள் எட்ட வாழ்த்துகிறது."

நிறுத்தம் என்ற சொல்லே இல்லை. மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

வாங்க: உளுந்து, பாப்பாவுக்கு ஸ்கெட்ச் பேனா.

மார்ச் 6, வெள்ளி

மெமோ எனக்கு இல்லை! ஸ்டோர் பார்க்கும் செபாஸ்டின் அண்ணனுக்கு. அப்பாடா என்றிருந்தது. அப்புறம்தான் வெட்கம்.

மத்தியானம் அண்ணன் லட்டு டப்பாவோடு வந்தார். "புதிய உயரம்னு போட்டிருக்காங்கம்மா. புரமோஷன்தான! எடுத்துக்க. எனக்குத் தவக்காலம், இனிப்பு தொடமாட்டேன்." ஆபீஸே அவருக்குக் கைகொடுத்தது. என் லட்டைப் பேப்பரில் சுற்றி டிராயரில் வைத்தேன்.

"கீரனூர் உரக்கடையில வேலைக்குக் கூப்பிட்டாங்க. திங்கக்கிழமை வரலன்னு சொல்லிரணும். இங்கயே ஒசத்தி வைக்கிறப்ப அங்கிட்டு எதுக்கு?"

மேனேஜரிடம் ஓடினேன். "சார், அவருக்குப் புரியல."

"தெரியும். ஸ்டாக் எடுத்து முடிக்கட்டும். இப்பச் சொன்னா வேலையில மனசு நிக்குமா? நீங்க வாயத் தொறக்காதீங்க."

அந்தச் சிரிப்பு இதற்குத்தான். பாவி மனுஷன்.

மார்ச் 7, சனி

சைக்கிள் ஷெட் மேல் மயில். ஒரே கத்தல். தலைவலி.

மேனேஜர் சும்மா சும்மா என் மேசைப் பக்கம் வருகிறார். வேவு. சொன்னால் அடுத்த மெமோ எனக்கு. சொல்லாவிட்டால் அண்ணனுக்குக் கீரனூரும் போச்சு. போன் பண்ணலாமா? வேண்டாம், முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

மேனேஜர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து ஸ்டோருக்குப் போனேன்.

"அண்ணே, கீரனூருக்கு வாரேன்னு சொல்லிருங்க. இது புரமோஷன் இல்ல. மாசக் கடைசியோட ஒங்களுக்கு இங்க வேலை இல்ல."

சாப்பாட்டுப் பையிலிருந்து மெமோவை எடுத்தார். லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

"நல்லாத்தானம்மா எழுதியிருக்கு," என்றார். "யாரு எழுதுனது?"