வாந்தியைச் சும்மா விடாதே

பிரம்மதேசம்,
வியாழக்கிழமை

அன்பு மகள் இளவரசிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. ஒரு வாரமாக வாந்தி, மாத்திரைகூட உள்ளே நிற்கவில்லை என்று நேற்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று கத்தினேன், லீவு இல்லப்பா என்று வைத்துவிட்டாய், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அதனால்தான் நாளைக்கு நீ இருக்கும் தோகாவுக்குத் திரும்புகிற நம்மூர் பிரான்சிஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், உன்னை டாக்டரிடம் காட்டாமல் அவன் நகர மாட்டான்.

உன் வேணி அத்தை மகன் அறிவுச்செல்வனைப் பார்த்துத்தான் நீயும் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாய். உன் மனசு கெடும் என்று அவன் கதியை முழுசாகச் சொல்லாமல் இருந்தோம், இப்போது கேள். உடம்பு பாதியானதும் ஊரே மெச்சியது, இனி வைட்டமின் மாத்திரை எதற்கு என்று விட்டுவிட்டான். பிறகு தின்றதெல்லாம் வாந்தி. ஆபரேஷன் பண்ணினால் அப்படித்தான் என்று அவனே சொல்லிக்கொண்டான். நடை தள்ளாடியது, ஆள் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான், குடித்துவிட்டு உளறுகிறான் என்று நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பேச்சும் குழம்பியபோது, காத்து கருப்பு அண்டிக்கினு இருக்குது என்று யாரோ சொல்ல, வேணி அமாவாசை வரை காத்திருந்து மேல்மலையனூருக்குக் கூட்டிப்போனாள். அம்மனைக் குறை சொல்ல மாட்டேன், புத்தி கெட்டது நமக்குத்தான். கூட்டத்தில் சுருண்டு விழுந்தவனை அங்கிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். வாந்தி நிற்காதபோதே பி1 வைட்டமின் ஊசி போட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்றார் டாக்டர்.

உயிர் இருக்கிறது. சற்று முன் நடந்தது எதுவும் அவன் தலையில் நிற்பதில்லை. வேணி இரண்டு வாய் கேப்பைக் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிடுகிறாள், உடனே நான் சாப்பிட்டேனாம்மா என்று கேட்கிறான். நாளெல்லாம் இதே கேள்வி. சாப்ட்டடா கண்ணு, சாப்ட்ட என்று சொல்லிச் சொல்லி அவளுக்குக் குரலே போய்விட்டது. அங்கே உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மென்று தின்ன வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, மாத்திரையை ஆயுசுக்கும் விடக் கூடாது, இதெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். வேலை போனால் போகட்டும், இங்கே நிலம் இருக்கிறது. ஆபரேஷன் செய்ததையும் வாந்தியையும் மறைக்காமல் சொல்லி அந்த ஊசியைக் கேள். அம்மா உனக்கென்று வேர்க்கடலை வறுத்து மல்லாட்டை உருண்டை பிடித்தாள், பிறகு வாந்தி நிற்கும் வரை உனக்கு ஆகாது என்று அவளே பிரான்சிஸ் பையிலிருந்து எடுத்துவிட்டாள், கோபித்துக்கொள்ளாதே.

அங்காளம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நூறு வயசு நன்றாக இரு. ஊசி போட்டதும் போன் பண்ணு. நேற்று புதன்கிழமை அப்பா உன்னிடம் எதற்குக் கத்தினேன் என்று அப்போது கேட்பேன். நீ மறக்காமல், தப்பில்லாமல் சொல்ல வேண்டும், பாப்பா.

உன் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்கும் அப்பா,
கிருஷ்ணசாமி