மதிய இடைவேளையில் நீ போன வாசல்கள்

இன்று எங்கள் அலுவலகத்தில் வரைபடங்களை அம்மோனியாவில் நகலெடுக்கும் பழைய பிரிண்ட் மெஷினைக் கழற்றினார்கள். மூடியைத் திறந்ததும் நெடி குப்பென்று கிளம்பியது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்த நெடியில்தானே நாம் ஒன்பது வருடம் அருகருகே உட்கார்ந்திருந்தோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் நம் பழைய கம்பெனியில் நீயும் நானும் டிரேசர்கள். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, மையால் பிரதி எடுப்போம். சாப்பாட்டுக்கு அரை மணி. நீ பத்து நிமிடத்தில் டப்பாவை மூடிவிட்டுப் பக்கத்துக் கம்பெனிகளின் வாசலுக்குக் கிளம்பிவிடுவாய். அங்கே டிரேசராகவும் டைப்பிஸ்டாகவும் இருந்த பெண்களோடு பேசிவிட்டு மணியடிக்கும்போது திரும்புவாய். எங்கே ஆள் எடுக்கிறார்கள், எங்கே குறைக்கிறார்கள் என்பதெல்லாம் உனக்குத்தான் முதலில் தெரியும்.

எனக்குக் கைக்குழந்தை. கணவருக்கு ஆவடி தொழிற்சாலையில் ஷிப்ட். மாலை ரயிலைத் தவறவிடக் கூடாது என்று, சாப்பிட்ட கை காய்வதற்குள் பலகையில் குனிந்துவிடுவேன்.

"இன்னாடி, எப்பப் பார்த்தாலும் குனிஞ்சிகினே கீற? நாளிக்கு வேலை போச்சுன்னா இந்தப் பலகையா உன்னைக் கூப்புடும்?"

"நேரம் எங்க இருக்கு சொல்லு."

"எனக்கு மட்டும் தனியா குடுத்துக் கீறாங்களா? பத்து நிமிசம் வா."

ஒரே ஒரு நாள் வந்தேன். நீ நான் பிரதி எடுத்த தாள் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்து, பக்கத்துக் கம்பெனி ஒன்றின் தலைமை வரைவாளரிடம் விரித்துக் காட்டினாய். "எழுத்தைப் பாருங்க சார். இவ கைதான்." நான் வெட்கத்தில் நிமிரவில்லை.

கம்ப்யூட்டர் வந்து நம் பிரிவை மூடியபோது அந்தத் தலைமை வரைவாளர்தான் ஆள் அனுப்பினார். அவரிடம் இருந்தது ஒரே இடம். நம்மில் யார் வந்தாலும் சரி என்றாராம். "எனக்கு நாலு வாசல் தெரியும். உனக்கு இது ஒண்ணுதான். நீ போ," என்றாய். நீ குமணன்சாவடிப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் பார்சல் கட்டும் பிரிவுக்குப் போனாய்.

ஒரு மதியம் வாட்ச்மேன் வந்து, உன் பெயரைச் சொல்லி, நீ கேட்டில் நிற்பதாகச் சொன்னார். மேசையில் அவசரமான படம் ஒன்று இருந்தது. "அடுத்த வாரம் நானே வர்றேன்னு சொல்லிடுங்க." இரண்டு பஸ் மாறி வந்திருப்பாய். அந்த அடுத்த வாரம் இரண்டு மாதமாக நீண்டது.

ரயிலில் பழைய டைப்பிஸ்ட் ஒருத்திதான் சொன்னாள். "உங்களுக்குத் தெரியாதாக்கா? மஞ்சக் காமாலை. போயி இருபது நாளாச்சு."

பாடியில் உன் வீட்டில் அம்மா மட்டும் இருந்தார்கள். "எம்மாம் பேரு வந்தாங்க தெரியுமா. எங்கெங்கேர்ந்தோ வந்து அயுதாங்க. நீ எந்தக் கம்பெனிம்மா?"

கம்பெனி பெயரை மட்டும் சொன்னேன்.

"அங்கியும் அவளுக்கு ஆள் இருந்துச்சா," என்றார்கள்.

'உங்கள் மகள் எனக்கு விட்டுக்கொடுத்த இடம் அது' என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொல்லத்தான் அதன் பிறகு இரண்டு முறை பாடிக்குப் போனேன். இரண்டு முறையும் உன் தெருமுனையோடு திரும்பிவிட்டேன்.