தோற்றவர்கள் என்ன சொன்னார்கள்?

அன்பு அக்கா,

வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்திருக்கிறேன். முதல் பரீட்சை நேற்று முடிந்தது. வருஷங்களை எவ்வளவு நெட்டுரு போட்டாலும் மண்டையில் ஏறவில்லை. "புத்தகத்தை மூடிட்டு, ஏன் நடந்துச்சுன்னு யாருக்காவது சொல்லிப் பாரு" என்றார் டீச்சர். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒரு போரைக் கதையாகச் சொன்னேன்.

"தோத்தவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அது பாடத்தில் இல்லை. நூலகத்தில் தேடிப் படித்தேன். பரீட்சையில் அதையே கேட்டிருந்தார்கள்!

அந்தச் சந்தோஷத்தில் அம்மாவிடம் கேட்டுவிட்டேன்: "அக்கா ஏன் வீட்டை விட்டுப் போனா?"

அப்பா சொல்வதையே சொல்ல ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள். "அவகிட்ட யாருடி கேட்டா?"

நான் கேட்கிறேன், அக்கா. எழுது.

உன் முகவரி எனக்குத் தெரியாது. உறைமேல் இருப்பது அம்மாவின் கையெழுத்து.

உன் தங்கை